பார்த்த வீடு கைநழுவாமல் இருக்க: வாசகர் கேள்வி பதில்

சீனப் புத்தாண்டு முடிந்து போனஸ் பணமும் கைக்கு வந்த பிறகு எங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீடு வாங்குவதைப் பற்றியவை. நல்ல வீடு ஒன்று விலைக்கு வந்தால் அதே வாரத்தில் நான்கைந்து குடும்பங்கள் வந்து பார்த்துவிடுகின்றன. அந்தப் போட்டியில் தவிப்பவர்களின் கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

பிப்ரவரியிலிருந்து செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் மூன்று வீடுகள் பார்த்துவிட்டோம். வீட்டுக்கு வந்து பேசி முடிவெடுப்பதற்குள் மூன்றுமே போய்விட்டன. பட்ஜெட் 4 லட்சத்து 80 ஆயிரம் ரிங்கிட். பார்த்த இடத்திலேயே பணம் கட்டிவிடலாமா?
(வாசகி, செந்தூல்)

வேண்டாம், சகோதரி. உங்களை முந்திக்கொண்டவர்கள் வீட்டைப் பார்த்த பிறகு அவசரப்பட்டிருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு முன்பே வேலையை முடித்து வைத்திருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

முதலில் வங்கி. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அதே மாதங்களின் வங்கி அறிக்கை, சேமநிதி அறிக்கை, வருமான வரி பி.இ. படிவம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். கமிஷன் அல்லது ஓவர்டைம் வருமானம் இருந்தால் ஆறு மாதச் சீட்டு கேட்பார்கள். அடுத்து, உங்கள் கடன் பதிவுகளைக் காட்டும் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கடந்த 12 மாதங்களில் எந்தக் கடனை எந்த மாதம் தாமதமாகக் கட்டினீர்கள் என்பது அதில் கட்டம் கட்டமாக இருக்கும். மறந்துபோன ஒரு கிரெடிட் கார்டு பாக்கி பல விண்ணப்பங்களைக் கவிழ்த்திருக்கிறது. இன்று சரிசெய்தால்கூட அந்தக் கறை அறிக்கையிலிருந்து நகர மாதங்கள் ஆகும். அதனால்தான் வீடு தேடத் தொடங்கும் முன்பே பார்க்கச் சொல்கிறோம்.

4,80,000 ரிங்கிட் வீட்டுக்கு 90 விழுக்காடு கடன் என்றால் 4,32,000. வட்டி 4 விழுக்காடு, தவணைக்காலம் 35 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,913 ரிங்கிட். ஆனால் 35 ஆண்டு எல்லாருக்கும் கிடைக்காது. கடன் 70 வயதுக்குள் முடிய வேண்டும். கடன் வாங்குபவருக்கு 42 வயது என்றால் 28 ஆண்டுதான். அப்போது தவணை 2,139 ஆகிவிடும். இதோடு கார் தவணை, பி.டி.பி.டி.என். கல்விக்கடன் தவணை, கார்டு பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கைக்கு வரும் சம்பளத்தில் அது எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். உச்சவரம்பு வங்கிக்கு வங்கி மாறும். அதனால் இரண்டு மூன்று வங்கிகளில் முன்கூட்டியே தகுதி பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை புதுக் கார் கடன் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அடுத்து ரொக்கம். முன்பணம் 10 விழுக்காடு, அதாவது 48,000. விற்பனை ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் முதல் 5 லட்சத்துக்கு 1.25 விழுக்காடு என்பதால் 6,000. கடன் ஒப்பந்தத்துக்கு 5,400. இரண்டுக்கும் 8 விழுக்காடு சேவை வரி உண்டு. சொத்து மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2 விழுக்காடு. ஆக 8,600. கடன் ஒப்பந்தத்தின் முத்திரை வரி 0.5 விழுக்காடு, அதாவது 2,160. எல்லாம் சேர்த்தால் 71,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. நில அலுவலகக் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகள் தனி.

இது உங்கள் முதல் வீடு, விலையும் 5 லட்சத்துக்குள் என்றால் இரண்டு முத்திரை வரிகளுக்கும் முழு விலக்கு உண்டு. இந்தச் சலுகை 2027 டிசம்பர் 31 வரை கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நம் குடும்பங்களில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று இதில் இருக்கிறது. அப்பா மறைந்த பிறகு பழைய வீட்டில் உங்கள் பெயரையும் ஒரு பங்காகச் சேர்த்திருந்தால், அது வாரிசாக வந்த சொத்தாகவே இருந்தாலும் சலுகை கிடையாது. கணவர், மனைவி இருவர் பெயரையும் சரிபார்த்த பிறகே யார் பெயரில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.

சேமநிதியை நம்பி முன்பணம் கட்டலாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். சேமநிதியின் அகாவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம்தான். ஆனால் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். எனவே முதல் 10 விழுக்காட்டை நீங்கள் சொந்தமாகப் புரட்ட வேண்டும். சேமநிதிப் பணம் பிறகு வந்து அந்தக் குழியை நிரப்பும்.

இவ்வளவும் தயாராக இருந்தால் வீட்டைப் பார்த்த அன்று மாலையே இந்த விலைக்கு வாங்கச் சம்மதம் என்று நீங்கள் ஒப்புதல் கடிதம் கொடுக்கலாம். அப்போது கட்டுவது வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு. உங்கள் கணக்கில் 9,600 அல்லது 14,400. மீதி முன்பணத்தை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கட்டுவீர்கள். இந்தத் தொகை ஏஜென்சி நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்குக்கோதான் போக வேண்டும். ஏஜென்ட் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் தனிநபர் கணக்குக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். அவர் அணிந்திருக்கும் ஆர்.இ.என். பதிவு எண்ணை, ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் எல்.பி.பி.இ.எச். வாரியத்தின் இணையத்தளத்தில் அங்கேயே நின்று சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

ஒப்புதல் கடிதத்தில் "வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் கட்டிய தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரி இருக்க வேண்டும். எத்தனை வங்கிகளின் மறுப்புக் கடிதம் வேண்டும், எத்தனை நாளுக்குள் காட்ட வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லையென்றால், கடன் கிடைக்காமல் நீங்கள் பின்வாங்கும்போது பணம் விற்பவருக்குப் போய்விடும்.

செராஸில் ஒரு வீடு. கேட்கும் விலை 4,80,000. "இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், 5,20,000 சொன்னால் முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஏஜென்ட். சொல்லலாமா?
(வாசகர், செராஸ்)

கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஐயா. நீங்கள் ஒப்புக்கொண்ட விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் விலை இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கடன் கொடுக்கும். 5,20,000க்கு ஒப்புக்கொண்டு, மதிப்பீடு 4,80,000 என்று வந்தால் கடன் 4,32,000தான். கையிலிருந்து போட வேண்டியது 52,000 இல்லை, 88,000.

அதோடு நிற்காது. விலை 5 லட்சத்தைத் தாண்டியதும் முதல் வீட்டுச் சலுகை போய்விடும். 5,20,000க்குச் சொத்து மாற்ற முத்திரை வரி 9,600, கடனுக்கு 2,160. ஆக 11,760 ரிங்கிட் கூடுதல். நீங்கள் ஏற்றிச் சொல்லும் 40,000 உண்மையில் 50,000க்கு மேல் ஆகிறது. 5 லட்சத்துக்கு அருகில் பேரம் பேசுபவர்கள் இந்தக் கோட்டைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். 4,98,000க்கும் 5,05,000க்கும் இடையில் இருப்பது வெறும் 7,000 இல்லை.

எவ்வளவுவரை போகலாம் என்பதற்கு இரண்டு வழிகள். அதே தெருவில், அதே அளவு வீடுகள் சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறின என்பதை சொத்து மதிப்பீட்டுத் துறையான ஜே.பி.பி.எச்.-இன் நாப்பிக் தளத்தில் பாருங்கள். இணைய விளம்பரங்களில் இருப்பது விற்பவர் ஆசைப்படும் விலை. நாப்பிக்கில் இருப்பது உண்மையில் கைமாறிய விலை. இரண்டாவதாக, உங்கள் வங்கி அதிகாரியிடம் வீட்டு முகவரியையும் பரப்பளவையும் கொடுத்து, அவர்களுடைய மதிப்பீட்டாளர்களிடம் வாய்மொழி மதிப்பு கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் பதில் வந்துவிடும்.

விலையை ஏற்றாமலும் விற்பவரைக் கவரலாம். 2 விழுக்காட்டுக்குப் பதில் 3 விழுக்காடு கட்டுங்கள். வங்கியின் முன்தகுதிக் கடிதத்தை இணைத்துக் கொடுங்கள். வழக்கறிஞரின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். விற்பவர் அடுத்த வீட்டுக்குப் போக இரண்டு மாதம் வேண்டும் என்றால் அந்த அவகாசத்தை எழுத்தில் கொடுங்கள். விற்பவர்களுக்குப் பெரிய பயமே, வாங்குபவருக்குக் கடன் கிடைக்காமல் மூன்று மாதம் வீணாகிவிடுமோ என்பதுதான். அந்தப் பயத்தைப் போக்குகிறவருக்குச் சற்றுக் குறைந்த விலைக்கும் கொடுப்பார்கள். கடன் நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் விலையைக் கூட்டி எழுதி அதிகக் கடன் வாங்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அது வங்கியை ஏமாற்றும் குற்றம். கையெழுத்துப் போடுவது நீங்கள்.

வீட்டுக்காரர் அரை மணி நேரம்தான் தருகிறார். பழைய தரை வீடு. எதைப் பார்ப்பது?
(வாசகர், கெப்போங்)

மேலிருந்து தொடங்குங்கள். கூரைப்பலகையில் பழுப்பு வளையங்கள் இருக்கின்றனவா, புதிதாக ஒரு பலகை மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டோடு சேரும் சுவரை ஒட்டியே கசிவு அதிகம் வரும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் நேரம் கேட்டு வாங்கினால் பாதி வேலையை மழையே செய்துவிடும்.

பிறகு தண்ணீர். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் நூலாக வந்தாலோ, முதல் அரை நிமிடம் பழுப்பாக வந்தாலோ உள்ளே இன்னும் பழைய இரும்புக் குழாய் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். அதை மாற்றச் சுவரையும் தரையையும் உடைக்க வேண்டியிருக்கும்.

மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். பீங்கான் ஃபியூஸ் இருந்தால் வயரிங் முழுவதும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மின்கசிவு ஏற்படும்போதும் அது காப்பாற்றாது.

கரையானை மாடிப்படிக்குக் கீழுள்ள சாமான் அறையிலும் கதவுச் சட்டங்களின் அடியிலும் தேடுங்கள். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் வெறுமையாகக் கேட்டால் உள்ளே மரம் இல்லை. சுவரோரம் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான் வீட்டுக்குள் வழி கண்டுவிட்டது என்று பொருள்.

விரிசல்களில் மிகவும் கவனிக்க வேண்டியது, பழைய வீடும் பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறையும் சேரும் இடம். இழுத்துக் கட்டிய பகுதிக்கு அடித்தளம் பெரும்பாலும் ஆழம் குறைவு. அதனால் அது தனியாகக் கீழே இறங்கும். நேராக மயிர்க்கோடு போல் இருந்தால் பூசி மறைக்கலாம். சாய்வாக ஓடி, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, பக்கத்துக் கதவும் சட்டத்தில் இடித்தால் பொறியாளரைக் காட்டாமல் விலை பேசக்கூடாது. தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் இறங்குகிறது.

இழுத்துக் கட்டியதற்கு ஊராட்சி மன்றம் ஒப்புதல் அளித்த வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கோலாலம்பூரில் என்றால் மாநகர் மன்றமான டி.பி.கே.எல்.-இன் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத பகுதியை மதிப்பீட்டாளர் கணக்கில் எடுக்காமல் போகலாம். இடிக்கச் சொல்லி கடிதம் வந்தால் அப்போது வீட்டுக்காரர் நீங்கள்தான்.

கடைசி ஐந்து நிமிடத்தை வெளியே செலவிடுங்கள். பின்சந்துச் சாக்கடையில் தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? தெருவில் பல வீட்டு வாசல்களில் வெள்ளத்தடுப்புப் பலகை இருக்கிறதா? சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் வேறு நிறப் பூச்சு இருக்கிறதா? 2021 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று நான்கு வீடு தள்ளி இருப்பவரிடம் கேளுங்கள். அவருக்கு மறைக்க ஒரு காரணமும் இல்லை.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தீவுக்கு மாறப் போகிறோம். ஆயர் ஈத்தாமில் 20 வயதான அடுக்குமாடி வீடு பிடித்திருக்கிறது. வீடு சுத்தமாக இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?
(வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

வீட்டைவிட நிர்வாகக் குழுவைத்தான் அதிகம் பார்க்க வேண்டும், அம்மா. அடுக்குமாடியில் நீங்கள் வாங்குவது நான்கு சுவர் மட்டுமில்லை. மின்தூக்கி, தண்ணீர்த்தொட்டி, கூரை, பம்பு எல்லாவற்றிலும் பங்கு வாங்குகிறீர்கள். அவற்றைப் பழுதுபார்க்கத்தான் பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காட்டைச் சிங்கிங் ஃபண்டாகக் கட்டுகிறார்கள். கடைசி ஆண்டுக் கூட்டத்தின் கணக்கைக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். அந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீட்டுக்காரர்கள் கட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 20 ஆண்டுக் கட்டடத்தில் மின்தூக்கி மாற்றும் செலவு தூரத்தில் இல்லை. நிதி காலியாக இருந்தால் அந்தச் செலவு ஒரு நாள் வீட்டுக்கு இவ்வளவு என்று உங்களிடம் வரும்.

விற்பவருக்குப் பராமரிப்புப் பாக்கி, தண்ணீர்ப் பாக்கி, எம்.பி.பி.பி. (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்) மதிப்பீட்டு வரிப் பாக்கி, கழிவுநீர்க் கட்டணப் பாக்கி இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இருந்தால் விற்பனைப் பணத்திலிருந்தே கழித்துக் கட்டும்படி வழக்கறிஞர் ஒப்பந்தத்தில் எழுதுவார்.

கார் நிறுத்துமிடம் பற்றித் தனியாகக் கேளுங்கள். "இந்த இடம் நம்முடையதுதான்" என்று கையைக் காட்டுவது போதாது. அடுக்குமாடி வீட்டின் உரிமைப் பத்திரமான ஸ்ட்ராட்டா கிராண்டில் அது துணைப் பகுதியாக, எண்ணோடு பதிவாகியிருக்க வேண்டும். நிர்வாகம் ஒதுக்கிக் கொடுத்த இடமாக இருந்தால் அது நாளை வேறொருவருக்குப் போகலாம். தனி ஸ்ட்ராட்டா கிராண்ட் இன்னும் வெளியாகவில்லை என்றால் மேம்பாட்டாளரின் உறுதிக்கடிதம் தேவைப்படும். காலம் நீளும்.

குளியலறைக் கூரையில் ஈரம் இருந்தால் அஞ்சி ஓட வேண்டாம். மாடிக்கு மாடி கசியும் நீரைப் பற்றி 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. புகார் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை மேல் வீட்டிலிருந்துதான் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அந்த வேலையை ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் முடித்துத் தரட்டும்.

ஆயர் ஈத்தாம் மலையடிவாரம் என்பதால் கட்டடத்தின் பின்புறம் போய்த் தாங்குசுவரைப் பாருங்கள். சுவரிலுள்ள வடிகுழாய்களில் மழைக்குப் பின் தண்ணீர் வந்தால் நல்லது. குழாய் அடைத்து, சுவரின் இடுக்குகளில் நீர் கசிந்து, சுவர் வயிறு தள்ளி நின்றால் வேறு வீடு தேடுங்கள்.

பார்த்த வீடு லீஸ்ஹோல்டு (குத்தகை நிலம்), 62 ஆண்டு மீதி. விலை குறைவு. போட்டி அதிகம் என்பதால் உடனே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.
(வாசகர், ஸ்தாப்பாக்)

கையெழுத்துக்கு முன் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் ஒன்றை உங்கள் வழக்கறிஞர் எடுக்கட்டும். அதில் 'செகாத்தான் கெபெந்திங்கான்', அதாவது கைமாற்றுவதற்கான கட்டுப்பாடுகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். மாநில அல்லது கூட்டரசுப் பிரதேச அதிகாரிகளின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது என்று அங்கே இருந்தால், அந்த அனுமதிக்கு விற்பவர் விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக்கணக்கில் ஆகலாம்.

வழக்கமான ஒப்பந்தத்தில் மீதிப் பணம் கட்ட 3 மாதமும், அதன் பிறகு வட்டியோடு ஒரு மாதமும் தருவார்கள். வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 8 விழுக்காடு. 4,32,000 பாக்கிக்கு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 95 ரிங்கிட். எனவே 3 மாதம் என்பது அனுமதிக் கடிதம் உங்கள் வழக்கறிஞர் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மீதி ஆண்டுகள் குறையக் குறைய வங்கிகள் கடனையும் தவணைக்காலத்தையும் குறைக்கும். நீங்கள் 20 ஆண்டு கழித்து விற்கும்போது வாங்குபவர் 42 ஆண்டுதான் பார்ப்பார். விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுவே.

அதே தேடலில் பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா, சொத்தைக் கைமாற்றவிடாமல் யாராவது கேவியட் என்ற தடை போட்டிருக்கிறார்களா என்பதும் தெரியும். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை, மலாய்க்காரர் அல்லாத நம்மால் வாங்கவே முடியாது. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடு (பூமி லாட்) என்றால் விடுவிப்பு அனுமதி முதலில் கிடைக்க வேண்டும். ரெசிடென்சி விலாயா என்ற கூட்டரசுப் பிரதேச மலிவு விலைத் திட்ட வீடுகளுக்கு 10 ஆண்டு விற்பனைத் தடை உண்டு. இவற்றையெல்லாம் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சந்தையில் போட்டி தாங்கவில்லை. ஏலத்தில் வாங்கினால் மலிவாமே?
(வாசகர், பட்டர்வொர்த்)

மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் முதல் வீட்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலையில் 10 விழுக்காட்டை வங்கி டிராஃப்டாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏலத்தில் எடுத்த பிறகு மீதியை வழக்கமாக 90 நாளில், உயர்நீதிமன்ற ஏலம் என்றால் 120 நாளில் கட்ட வேண்டும். கடன் கிடைக்கவில்லை என்று சொல்லி 10 விழுக்காட்டைத் திரும்பக் கேட்க முடியாது. உள்ளே போய்ப் பார்க்கவும் பெரும்பாலும் வழியில்லை. வீட்டில் ஆள் இருந்தால் வெளியேற்றுவது உங்கள் செலவு, உங்கள் பொறுப்பு. அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், விற்பனை அறிவிப்பையும் நிபந்தனைகளையும் ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே வழக்கறிஞரிடம் கொடுத்து, பாக்கிகளை யார் கட்டுவது என்ற பத்தியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். டிராஃப்ட் எடுப்பது அதற்குப் பிறகு.